ப்ளௌமன்ஸ் லஞ்ச்: ஊறுகாய் பாட்டிலிலிருந்து தட்டு வரை, வரிசையாக

இங்கிலாந்து பப்களின் மதிய மெனுவில் பரிமாறும் நேரத்தில் அடுப்பே தேவைப்படாத சாப்பாடு ஒன்று உண்டு. அதுதான் ப்ளௌமன்ஸ் லஞ்ச். தடிமனாக வெட்டிய சீஸ், மேலோடு மொறுமொறுவென்றிருக்கும் பிரெட், வெண்ணெய், வினிகரில் ஊறிய சின்ன வெங்காயம், இனிப்பும் புளிப்புமாக ஒரு சட்னி, ஆப்பிள், செலரி. வேண்டுமானால் கூடவே ஹாம் (பதப்படுத்திய பன்றித்தொடை இறைச்சி) அல்லது போர்க் பை (மாவு ஓட்டுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்டது).

பார்க்கச் சுலபமாகத் தெரிவதால் பப் சமையலறைக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் இந்தத் தட்டைத்தான் ஒப்படைப்பார்கள். அவர்கள் முதலில் சறுக்குவதும் இதில்தான். பரிமாறும் நாளில் வேலையைத் தொடங்குகிறார்கள், ஆனால் இதற்கான வேலை ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். அன்றைக்கு மிஞ்சுவது வெட்டுவதும் அடுக்குவதும்தான். அதனால் எது முதலில் தயாராக வேண்டுமோ அதை முதலில் சொல்கிறேன். சாப்பாட்டு அளவுகள் நான்கு பேருக்கு. வெங்காயமும் சட்னியும் மட்டும் கூடுதலாக வரும், அவை மாதக்கணக்கில் இருக்கும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கண்ணாடி பாட்டில்கள்: அரை லிட்டர் அளவில் ஏழெட்டு. மூடியின் உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் தகர மூடியை வினிகர் அரித்துவிடும், துரு வாசனை உள்ளே இறங்கிவிடும். பழைய ஊறுகாய் பாட்டிலையே பயன்படுத்துவதானால் மூடியை முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசனை வந்தால் அந்த மூடி வேண்டாம், எத்தனை தடவை கழுவினாலும் அது போகாது.

வினிகர்: பழுப்பு நிற மால்ட் வினிகர் இரண்டு லிட்டர். லேபிளில் அமிலத்தன்மை 5 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மீன்-சிப்ஸ் கடைகளில் 'நான்-ப்ரூட் காண்டிமென்ட்' என்ற பெயரில் வைத்திருக்கும் திரவமும் இதே நிறத்தில்தான் இருக்கும். அது அசிட்டிக் அமிலத்தில் தண்ணீரும் நிறமும் கலந்தது. அதை வாங்கிவிடாதீர்கள், மால்ட்டின் ருசி அதில் இல்லை. மால்ட் வினிகர் பார்லியிலிருந்து வருவது. விருந்தினரில் யாருக்காவது குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்றால் ஆப்பிள் சைடர் வினிகருக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பாத்திரம்: அடி கனமான எவர்சில்வர். பித்தளை, செம்பு, பூசாத இரும்பு, அலுமினியம் எதுவும் வேண்டாம். வினிகர் உலோகத்தோடு சேர்ந்து ருசியைக் கெடுத்துவிடும்.

2. வெங்காயம்: ஆறு வாரம் முன்பு

ஊறுகாய்க்கென்றே விளையும் சிறு வெங்காயம் பிரிட்டிஷ் கடைகளுக்கு இலையுதிர் காலத்தில் வருகிறது. மற்ற மாதங்களில் லண்டன் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் நம் சின்ன வெங்காயம் நன்றாகவே பொருந்தும். அளவில் சிறியது என்பதால் நான்கு வாரத்திலேயே ஊறிவிடும்.

ஒரு கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். தோலுரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும் வேலை. கொதிநீரை மேலே ஊற்றி ஒரு நிமிடம் விட்டு, உடனே குளிர்ந்த தண்ணீருக்கு மாற்றினால் தோல் கழன்று வரும். ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டால் வெளி அடுக்கு வெந்துவிடும், அப்புறம் எவ்வளவு ஊறினாலும் மொறுமொறுப்பு வராது. வேர்ப்பக்கத்தை மெல்லியதாகச் சீவினால் போதும். ஆழமாக வெட்டினால் அடுக்குகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பகுதி போய்விடும், பாட்டிலுக்குள் வெங்காயம் இதழ் இதழாகப் பிரிந்து மிதக்கும்.

உரித்ததும் 50 கிராம் உப்பைப் பிசிறி, மூடி, இரவு முழுக்க வையுங்கள். காலையில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும். அந்தத் தண்ணீரை வெளியே எடுப்பதற்குத்தான் உப்பு. வெங்காயத்துக்குள்ளேயே தங்கிவிட்டால் அது வினிகரில் கலந்து புளிப்பை நீர்த்துப்போகச் செய்யும், வெங்காயமும் கொழகொழத்துவிடும்.

இனி நன்றாக அலசி, சுத்தமான துணியில் பரப்பி முழுக்க உலர விடுங்கள். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சிலர் அலசாமல் போட்டுவிடுகிறார்கள், வாயில் வைக்க முடியாத உப்பு. சிலர் அலசிவிட்டு ஈரத்தோடு போடுகிறார்கள், உப்பு வெளியே எடுத்த தண்ணீரை அவர்களே திரும்பச் சேர்த்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

வெங்காயம் உப்பில் இருக்கும் அந்த இரவிலேயே வினிகரையும் தயார் செய்துவிடலாம். ஒரு லிட்டர் மால்ட் வினிகரில் ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லி விதை, அதே அளவு கடுகு, இரண்டு தேக்கரண்டி மிளகு, நான்கு கிராம்பு, ஒரு துண்டு ஜாதிபத்திரி, இரண்டு காய்ந்த மிளகாய், மூன்று மேசைக்கரண்டி சர்க்கரை. மூடி வைத்துக் கொதி வரும் வரை சூடாக்கி இறக்கி, மூடியபடியே முழுக்க ஆற விடுங்கள். மசாலா எல்லாம் முழுசாகவே இருக்கட்டும். பொடி போட்டால் வினிகர் கலங்கிவிடும், பாட்டிலின் அடியில் சேறு மாதிரி படியும்.

வெங்காயத்தைப் பாட்டிலில் நெருக்கமாக அடுக்கி, ஆறிய வினிகரை ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் சீக்கிரம் ஊறும் என்று பலர் நினைக்கிறார்கள். சீக்கிரம் ஊறும், ஆனால் மொறுமொறுப்பு போய்விடும். வெங்காயம் முழுக்க மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து மூடி, தேதி எழுதி இருட்டான அலமாரியில் வையுங்கள்.

இரண்டாவது வாரத்தில் திறந்து ருசிபார்க்க ஆசை வரும். அப்போது வெளியே வினிகராகவும் உள்ளே பச்சை வெங்காயமாகவும் தனித்தனியாகத் தெரியும். ஆறாவது வாரத்தில் கடித்தால் அந்த இரண்டும் ஒன்றாகியிருக்கும்.

3. சட்னி: அதே வாரத்தில்

நம் வீட்டுச் சட்னி அரைத்த அன்றைக்கே காலியாக வேண்டியது. ஆங்கிலேயர் வீட்டுச் சட்னியைச் செய்த அன்றைக்குத் தொடவே கூடாது. வினிகர் அப்போது மூக்கில் ஏறும், இனிப்பு தனியாக நிற்கும். குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் எட்டு வாரம் இருந்தால்தான் இரண்டும் இறங்கி ஒன்றுசேரும்.

தேவையானவை: பிராம்லி ஆப்பிள் ஒன்றரை கிலோ, வெங்காயம் அரை கிலோ, சுல்தானா எனப்படும் வெளிர் நிற உலர்திராட்சை 250 கிராம், பழுப்புச் சர்க்கரை 500 கிராம், மால்ட் வினிகர் 600 மில்லி, துருவிய இஞ்சி இரண்டு மேசைக்கரண்டி, கடுகு ஒரு மேசைக்கரண்டி, உப்பு இரண்டு தேக்கரண்டி. பிராம்லி சமையலுக்கென்றே உள்ள புளிப்பு ஆப்பிள், வெந்தால் குழைந்துவிடும். பல்லில் கடிபட ஏதாவது வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு காக்ஸ் மாதிரி கெட்டியான ஆப்பிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

எதை எப்போது போடுகிறீர்கள் என்பது இதில் முக்கியம். முதலில் வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, அரை டம்ளர் தண்ணீரில் மென்மையாகும் வரை வேக விடுங்கள். வினிகர் சேர்ந்துவிட்டால் அந்தப் புளிப்பில் வெங்காயம் லேசில் வேகாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொட்டியவர்களின் சட்னியில் கடைசி வரை வெங்காயம் நறுக்கென்றே இருக்கும்.

அடுத்தது ஆப்பிள், இஞ்சி, கடுகு, உப்பு, பாதி வினிகர். ஆப்பிள் குழைந்ததும் சர்க்கரை, திராட்சை, மீதி வினிகர். சர்க்கரையை முதலிலேயே போட்டால் அடிப்பிடிக்கும், அதுவும் கண்ணுக்குத் தெரியாமல் கருகும். காக்ஸ் ஆப்பிள் துண்டுகளைச் சர்க்கரையோடு சேர்த்தால் உருவம் குலையாது.

மூடாமல், சிறு தீயில், ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஆவி கண்ணைக் கரிக்கும். கடைசி அரை மணி நேரம் அடுப்பை விட்டு நகராமல் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் பார்க்க மரக்கரண்டியால் பாத்திரத்தின் அடியில் நேராக ஒரு கோடு இழுங்கள். கோட்டுக்குள் வினிகர் உடனே ஓடிவந்து நிரம்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. அடிப்பாத்திரம் தெரிந்தபடி ஓரிரு நொடி கோடு அப்படியே நின்றால் இறக்கிவிடலாம். தக்காளித் தொக்கு சுருண்டு வருமே, அதைவிடச் சற்றே தளர்வாக இருக்கும்போதே இறக்குங்கள், ஆறினால் இன்னும் கெட்டிப்படும்.

நம் ஆட்கள் இதில் இரண்டு காரியம் செய்வார்கள். ஒன்று, எண்ணெயில் தாளிப்பது. இங்கே எண்ணெயே கிடையாது. நம் ஊறுகாயைக் காப்பது உப்பும் எண்ணெயும், இதைக் காப்பது வினிகரும் சர்க்கரையும். இரண்டாவது, வாசனைக்குப் பயந்து வினிகரையும் இனிப்புக்குப் பயந்து சர்க்கரையையும் குறைப்பது. குறைத்தால் சட்னி அலமாரியில் தாங்காது. காரம் வேண்டுமானால் மிளகாய்த்தூள் எவ்வளவு வேண்டுமானாலும் சேர்க்கலாம், அதில் கெடுதல் இல்லை.

சட்னி வேகும்போதே பாட்டில்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, 140 டிகிரி அவனில் 15 நிமிடம் வையுங்கள். சூடான பாட்டிலில் சூடான சட்னி. குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். காற்றுக்குமிழி இல்லாமல் கரண்டியால் தட்டி நிரப்பி, உடனே மூடுங்கள்.

இத்தனை நாள் அவகாசம் இல்லையென்றால் பிரான்ஸ்டன் பிக்கிள் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். பப்களில் பெரும்பாலும் இருப்பது அதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

4. சீஸ்: இரண்டு நாள் முன்பு

தலைக்கு 100 முதல் 120 கிராம். இந்தத் தட்டில் சீஸ்தான் சோறு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அதனால் காசு செலவழிப்பதாக இருந்தால் இதில் செலவழியுங்கள்.

முதல் தேர்வு முதிர்ந்த செடார். 'வெஸ்ட் கன்ட்ரி ஃபார்ம்ஹவுஸ் செடார்' என்று லேபிளில் இருந்தால் அது சாமர்செட், டெவன், டார்செட், கார்ன்வால் ஆகிய நான்கு மாவட்டங்களுக்குள் செய்து, குறைந்தது 9 மாதம் முதிர வைத்தது என்று நம்பலாம். நன்றாக முதிர்ந்த செடாரைக் கடிக்கும்போது சின்னச் சின்னப் படிகங்கள் நறநறக்கும். கெட்டுவிட்டது என்று சிலர் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அது முதிர்ச்சியில் தானாக உருவாவது, நல்ல சீஸ் என்பதற்கு அடையாளம்.

இரண்டாவது சீஸ் வேண்டுமானால் முற்றிலும் வேறு குணம் உள்ளதாக இருக்கட்டும். ஒன்று, நீல நரம்போடிய ஸ்டில்டன். டெர்பிஷர், லெஸ்டர்ஷர், நாட்டிங்காம்ஷர் மூன்றில் மட்டுமே அந்தப் பெயரில் செய்ய அனுமதி உண்டு. அல்லது கையில் உதிரும் செஷர். மூன்றாவது வேண்டாம். மூன்று சீஸ் வைத்தால் எதனுடைய ருசியும் மனதில் நிற்காது.

சைவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாரம்பரிய முறையில் செய்யும் பல சீஸ்களில் பாலைத் திரிய வைக்க கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கிறார்கள். லேபிளில் 'வெஜிட்டேரியன்' என்று இருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டு, மெழுகுத்தாளில் சுற்றி, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். பிளாஸ்டிக்கிலேயே இருந்தால் மேற்பரப்பு வியர்த்துப் பிசுபிசுக்கும்.

5. பிரெட்: முந்தின இரவு அல்லது அன்று காலை

கடைப் பிரெட் வாங்குவதானால் வெட்டாத முழு 'ப்ளூமர்' அல்லது 'காட்டேஜ் லோஃப்'. துண்டு போட்டு விற்கும் சாண்ட்விச் பிரெட் இதற்கு உதவாது. கெட்டியான சீஸை வைத்து அழுத்தினால் நசுங்கிவிடும்.

வீட்டில் சுடுவதானால் ஸ்ட்ராங் ஒயிட் மாவு (பிரெட்டுக்கென்றே விற்கும், புரதம் அதிகமுள்ள வெள்ளைக் கோதுமை மாவு) 500 கிராம், உப்பு 10 கிராம், உடனடி ஈஸ்ட் 7 கிராம், தண்ணீர் 320 மில்லி. பத்து நிமிடம் பிசைந்து, இரு மடங்காகும் வரை விட்டு, உருட்டி, மறுபடி முக்கால் மணி நேரம் விட்டு, மேலே கத்தியால் கீறி, 220 டிகிரியில் 35 நிமிடம். அவனின் அடித்தட்டில் ஒரு டம்ளர் கொதிநீர் ஊற்றுங்கள். அந்த ஆவியில்தான் மேலோடு நன்றாக விரிந்து மொறுமொறுக்கும். அடியில் தட்டிப் பார்த்தால் காலிப் பெட்டிபோல ஒலிக்க வேண்டும். இரவே பிசைந்து ஃபிரிட்ஜில் வைப்பதானால் ஈஸ்ட் பாதி போதும்.

சுட்ட பிரெட்டைக் கம்பி வலையில் வைத்து ஒரு மணி நேரமாவது ஆற விடுங்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே களியாகிவிடும், கத்தியில் ஒட்டும்.

6. ஹாம், போர்க் பை, முட்டை: விருப்பம் இருந்தால்

ஹாம் என்றால் எலும்போடு வேகவைத்து ஆறியதைக் கையால் தடிமனாக வெட்டியது. பாக்கெட்டில் வரும் ஈரமான மெல்லிய ஏடுகள் சீஸ் பக்கத்தில் காணாமல் போய்விடும். போர்க் பை என்றால் மெல்டன் மோப்ரே பை. அதைச் சூடுபடுத்தக் கூடாது. உள்ளே இறைச்சிக்கும் மேலோட்டுக்கும் நடுவே ஜெல்லி இருக்கிறது, சூட்டில் அது உருகி அடி மாவு நனைந்துவிடும். வெட்டினால் இறைச்சி சாம்பல் நிறமாக இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பதப்படுத்தாத பச்சை இறைச்சியில் செய்வதால்தான் அந்த நிறம்.

இரண்டுக்கும் ஆங்கிலக் கடுகு வேண்டும். கடுகுப் பொடியைப் பச்சைத் தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் பட்ட பிறகு கடுகிலுள்ள நொதி வேலை செய்துதான் காரம் பிறக்கிறது. வெந்நீரோ வினிகரோ விட்டுக் குழைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும், கசப்புதான் மிஞ்சும்.

இறைச்சி வேண்டாம் என்பவர்களுக்கு ஆளுக்கொரு அவித்த முட்டை. இதுவும் இல்லாமலே இந்தத் தட்டு முழுமையானதுதான்.

7. பரிமாறும் நாள்: ஒரு மணிச் சாப்பாட்டுக்கான கணக்கு

பன்னிரண்டு மணிக்கு சீஸையும் உப்பு வெண்ணெயையும் ஃபிரிட்ஜிலிருந்து வெளியே எடுங்கள். சீஸைச் சுற்றிய தாளோடு வையுங்கள், திறந்து வைத்தால் ஓரம் காயும். இந்த ஒரு மணி நேரத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். ஃபிரிட்ஜ் குளிரில் செடார் ரப்பர் மாதிரி இருக்கும், மணமே வராது. குளிர்ந்த வெண்ணெயைத் தடவினால் பிரெட் பிய்ந்துபோகும்.

பன்னிரண்டரைக்கு செலரியை விரல் நீளத்துக்கு வெட்டி, முள்ளங்கியோடு ஐஸ் தண்ணீரில் போடுங்கள். தளர்ந்த செலரி அரை மணியில் விறைத்துவிடும். ஹாமும் பையும் இப்போதுதான் வெளியே வர வேண்டும், அதற்கு முன் வேண்டாம்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஊறிய வெங்காயத்தை, தட்டுக்கு மூன்று வீதம், வடிகட்டியில் போட்டு வையுங்கள். வினிகர் சொட்டச் சொட்ட வைத்தால் அது ஓடிப்போய் பிரெட்டை நனைக்கும். பிரெட்டை இரண்டு சென்டிமீட்டர் தடிமனில் வெட்டுங்கள், தலைக்கு இரண்டு துண்டு. வாங்கி ஒரு நாளான பிரெட் என்றால் வெட்டும் முன் ஐந்து நிமிடம் அவனில் வைத்தால் மேலோடு மீண்டும் மொறுமொறுக்கும்.

ஆப்பிள் எப்போதும் கடைசி. வெட்டிய சில நிமிடங்களில் துருப்பிடித்த இரும்பு நிறம் ஏறிவிடும். எலுமிச்சைச்சாறு தடவினால் நிறம் நிற்கும், ஆனால் தட்டில் ஏற்கெனவே போதுமான புளிப்பு இருக்கிறது.

8. தட்டில் அடுக்குவது

பெரிய தட்டு அல்லது மரப்பலகை. பலகையானால் சட்னிக்குச் சிறு கிண்ணம் கட்டாயம், பலகைக்கு விளிம்பு கிடையாதே.

முதலில் சட்னிக் கிண்ணம், தலைக்கு இரண்டு மேசைக்கரண்டி. அதன் பக்கத்தில் சீஸ். சீஸைத் துண்டு துண்டாக நறுக்காமல் ஆப்பு வடிவில் ஒரே கட்டியாக வையுங்கள். வெட்டி எடுத்துக்கொள்வது சாப்பிடுபவர் வேலை, அவரவர் வாய்க்குத் தகுந்த அளவில். அப்புறம் ஹாம் அல்லது பை, எதிர்ப்பக்கத்தில் வெங்காயம், செலரி, முள்ளங்கி, கொஞ்சம் வாட்டர்கிரெஸ் கீரை. கீரைக்கு டிரெஸ்ஸிங் வேண்டாம். பிரெட் ஒரு ஓரமாக, எதையும் தொடாமல். வெண்ணெய் தனியாக. கடைசியில் ஆப்பிள்.

தட்டை நிரப்ப வேண்டும் என்று கோல்ஸ்லா, வெள்ளரி, சிப்ஸ் என்று சேர்த்துக்கொண்டே போகும் பப்களும் உண்டு. மயோனெய்ஸ் கலந்த எதுவும் இந்தத் தட்டுக்கு ஒத்துவராது என்பது என் முடிவான கருத்து. சீஸின் கொழுப்பை வெட்டிக்கொண்டு போகத்தான் வினிகரும் ஆப்பிளும் இருக்கின்றன. அங்கே இன்னொரு கொழுப்பைக் கொண்டுவந்து வைத்தால் நாக்கு சோர்ந்துவிடும்.

9. சாப்பிடும் முறையும் பானமும்

முதன்முறை சாப்பிடுபவர்கள் எல்லாவற்றையும் இரண்டு பிரெட்டுக்கு நடுவே அடுக்கி சாண்ட்விச் ஆக்கிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் முதல் வாயும் கடைசி வாயும் ஒரே ருசி. ஒரு ஓரத்தில் வெண்ணெய் தடவி, அந்த வாய்க்கு மட்டும் சீஸும் சட்னியும். அடுத்த வாய்க்கு சீஸோடு பாதி வெங்காயம். அதற்கடுத்து பிரெட்டே இல்லாமல் ஆப்பிளும் செடாரும்.

பானம் என்றால் பிட்டர் ஏல் என்ற கசப்பு பீர் அல்லது சாமர்செட் பக்கத்து 'டிரை' சைடர், அதாவது இனிப்பு குறைந்த ஆப்பிள் மது. ஏலுக்கு 11 முதல் 13 டிகிரி சரியான குளிர்ச்சி, பப்பின் நிலவறையில் அந்த அளவில்தான் வைத்திருப்பார்கள். ஃபிரிட்ஜிலிருந்து நேராக ஊற்றினால் மால்ட்டின் ருசி அமுங்கிவிடும், அரை மணி வெளியே வையுங்கள். மது வேண்டாம் என்பவர்களுக்கு வடிகட்டாத ஆப்பிள் ஜூஸ்.

10. மிச்சம் இருந்தால்

திறந்த சட்னி ஃபிரிட்ஜில் இருக்கட்டும், ஈரமில்லாத கரண்டி போட்டு ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். வெங்காயம் தீர்ந்த பாட்டிலில் மிஞ்சும் வினிகரில் மறுபடி வெங்காயம் போட வேண்டாம். முதல் தடவையிலேயே அது நீர்த்திருக்கும், இரண்டாவதைக் காப்பாற்றும் பலம் அதில் இல்லை. சிப்ஸ் மேல் தெளித்துக்கொள்ளலாம்.

காய்ந்த பிரெட்டும் உதிர்ந்த சீஸும் மிஞ்சினால் மறுநாள் வெல்ஷ் ரேர்பிட். சீஸைத் துருவி, இரண்டு மேசைக்கரண்டி ஏல், அரைத் தேக்கரண்டி கடுகு விழுது, சில சொட்டு வூஸ்டர் சாஸ் சேர்த்துச் சிறு தீயில் உருக்குங்கள். பிரெட்டை இரண்டு பக்கமும் வாட்டி, மேலே பரப்பி, கிரில்லில் குமிழ் விடும் வரை வைத்து எடுங்கள். சைவர்களுக்குக் கொடுப்பதானால் வூஸ்டர் சாஸை விட்டுவிடுங்கள், வழக்கமான வகையில் நெத்திலி மீன் இருக்கிறது.